அறிக்கையில் ‘கொரோனா பாசிட்டிவ்’: எந்த வைரஸ், எந்த மாதிரி, எந்த விலங்கு?

கேள்விக்குறி:
எட்டு மாத ஆண் பூனை, எடை 2.8 கிலோ. இரண்டு வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், ஆன்டிபயாடிக்குக்கு அசையவில்லை. வயிறு உப்பியிருக்கிறது, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. ஆய்வக அறிக்கையில் ஒரே வரி: ‘ஃபெலைன் கொரோனா வைரஸ் ஆன்டிபாடி 1:1600, பாசிட்டிவ்’. அதே வீட்டில் இன்னும் நான்கு பூனைகள், ஒரு நாய். இதை வைத்து எஃப்ஐபி (பூனைக் கொரோனா மாறி உண்டாக்கும், உயிரைக் குடிக்கும் வயிற்றுச்சவ்வு அழற்சி நோய்) என்று முடிவு கட்டலாமா? மற்றவற்றுக்குப் பரவுமா? வீட்டு மனிதர்களுக்கு?

பூனைக்கண்:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மனிதர்களுக்கு வராது. பூனையின் கொரோனா ஆல்ஃபா பிரிவு. கோவிட் கொண்டுவந்த சார்ஸ்-கோவ்-2 பீட்டா பிரிவு. இரண்டும் ஒரே குடும்பம் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

முடிவு கட்டலாமா என்றால், 1:1600ஐ மட்டும் வைத்துக் கட்ட முடியாது. அந்த எண் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பூனை எப்போதோ கொரோனாவைச் சந்தித்திருக்கிறது. பல பூனைகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஆன்டிபாடி இருக்கும், அவை ஓடியாடிக்கொண்டும் இருக்கும். குடலில் வாழும் சாதாரண வைரஸ் லேசான பேதியோடு போய்விடும், பல சமயம் அதுகூட இருக்காது. அதே வைரஸ் அந்தப் பூனையின் உடலுக்குள்ளேயே மரபணு மாறி, குடல் செல்களை விட்டு வெள்ளையணுக்களில் (மேக்ரோஃபேஜ்) பெருகக் கற்றுக்கொண்டால்தான் எஃப்ஐபி. தொற்றிய பூனைகளில் சுமார் 5 முதல் 10 சதவீதத்துக்கு இப்படி ஆகிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். இடமாற்றம், அறுவைசிகிச்சை, புதுப் பூனை வருகை மாதிரி ஏதாவது அழுத்தத்துக்குப் பிறகு வருவதும் வழக்கம்.

வயது, காய்ச்சல், வயிறு எல்லாம் எஃப்ஐபி பக்கம்தான் சாய்கின்றன. ஆனால் அந்தச் சாய்வைத் தருவது பூனையின் நிலை, டைட்டர் (1:1600 என்ற ஆன்டிபாடி அளவு) அல்ல. ஆன்டிபாடிக்குப் போன ரத்தத்தை வயிற்று நீருக்கு முன்னால் அனுப்பியதே வரிசை மாறிய வேலை.

நுண்நோக்கி:
ஆமாம், வயிற்றில் நீர் இருந்தால் அதுதான் முதல் மாதிரி. அல்ட்ராசவுண்ட் பார்த்து 5 மி.லி. எடுத்தால் போதும். ஒரு பகுதி இடிடிஏ (உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் செல் எண்ணிக்கைக்கு, ஒரு பகுதி வெறும் குழாயில் புரதத்துக்கு, மீதி பிசிஆருக்கு.

எஃப்ஐபி நீர் வைக்கோல் மஞ்சள், ஊசியிலிருந்து நூல் விடும். புரதம் 3.5 கிராம்/டெசிலிட்டருக்கு மேல், செல்கள் ஆச்சரியமாகக் குறைவு, பெரும்பாலும் மைக்ரோலிட்டருக்கு 5000க்குள். புரதமும் அதிகம், செல்லும் எக்கச்சக்கம், சிதைந்த நியூட்ரோஃபில்கள் (ஒருவகை வெள்ளையணு), உள்ளே பாக்டீரியா என்றால் அது சீழ் வயிறு, வேறு பாதை.

அல்புமின்–குளோபுலின் என்ற இரு புரதங்களின் விகிதம் பாருங்கள். 0.4க்குக் கீழ் என்றால் எஃப்ஐபிக்கு வலுவான ஆதரவு, 0.8க்கு மேல் என்றால் ஏறக்குறைய விலக்கிவிடலாம். நடுவில் விழுந்தால் அந்த எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள். கல்லீரல் நொதிகள் பெரிதாக ஏறாமல் பிலிருபின் (மஞ்சள் நிறமி) மட்டும் ஏறியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

வயிற்று நீர் எஃப்ஐபி நீர் போல இருக்கிறதா என்று பார்க்கும் ரிவால்டா சோதனை எங்கேயும் செய்யலாம். கண்ணாடிக் குழாயில் அறை வெப்பத்தில் 8 மி.லி. வாலை வடிநீர், அதில் 98% அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு, நன்றாகக் கலக்க வேண்டும். மேலே வயிற்று நீர் ஒரு சொட்டை மெதுவாக வைக்க வேண்டும். சொட்டு கரைந்து நீர் தெளிந்தால் நெகட்டிவ். உருவம் கலையாமல் மேலேயே நின்றாலோ, ஜெல்லிமீன் போல வால் விட்டு மெல்ல இறங்கினாலோ பாசிட்டிவ். தவறு நேரும் இடங்கள்: குழாய்த்தண்ணீர் உபயோகிப்பது, அமிலத்தைக் கலக்காமல் விடுவது, சொட்டை உயரத்திலிருந்து போடுவது (உடைந்து கலைந்துவிடும், பொய் நெகட்டிவ்).

கேள்விக்குறி:
ரிவால்டா பாசிட்டிவ் வந்தால் மருந்து தொடங்கிவிடலாம்தானே?

நுண்நோக்கி:
அவசரம் வேண்டாம். சீழ் வயிறும் லிம்ஃபோமாவும் (நிணநீர்ப் புற்று) பாசிட்டிவ் காட்டும். உணர்திறன் (நோயுள்ளதைப் பிடிப்பது) 90 சதவீதத்தை ஒட்டி, தனித்தன்மை (நோயில்லாததை விலக்குவது) 65 சதவீதத்தை ஒட்டித்தான். அதாவது நெகட்டிவ் வந்தால் மதிப்பு அதிகம், பாசிட்டிவ் வந்தால் அடுத்த சோதனைக்கு அனுமதிச் சீட்டு மட்டும். செல் பரிசோதனையோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் பாதி தீரும்.

பிசிஆர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலத்தில் பாசிட்டிவ் என்றால் குடலில் வைரஸ் இருக்கிறது, அவ்வளவே. எஃப்ஐபிக்கு அது சாட்சியே இல்லை. வயிற்று நீரில் பாசிட்டிவ் என்றால் கனமான சாட்சி. நெகட்டிவ் வந்தாலும் விலக்க முடியாது. ரத்தத்தில் தேடுவது பெரும்பாலும் வீண்செலவு. சில ஆய்வகங்கள் ஸ்பைக் மரபணுவில் எம்1058எல், எஸ்1060ஏ மாற்றங்களைத் தேடித் தருகின்றன. வைரஸ் குடலைத் தாண்டிவிட்டது என்று அவை சொல்லும். நோய் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. திசுவில் மேக்ரோஃபேஜுக்குள் வைரஸ் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டுவதுதான் கடைசித் தீர்ப்பு. சாகக் கிடக்கும் பூனையை அதற்காக வயிறு திறப்பார்களா என்பது வேறு விஷயம்.

பூனைக்கண்:
சான்றுகள் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் காத்திருக்கவும் கூடாது. வயிற்று நீர் வகையை விட்டுவைத்தால் நாட்கள், வாரங்கள் கணக்குதான்.

மருந்து ஜிஎஸ்-441524, வைரஸ் பெருகுவதைத் தடுப்பது. 2019இல் ஆய்வாளர் பெடர்சனின் குழு 31 பூனைகளில் தோலடி ஊசியாகக் கொடுத்துப் பார்த்தது. கிலோவுக்கு 2 மி.கி.யில் தொடங்கி, சிலவற்றுக்கு நோய் திரும்பியதால் கடைசியில் 4 மி.கி.யைப் பரிந்துரைத்தார்கள், 12 வாரம். இப்போது மாத்திரைதான் பெருவழக்கு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மி.கி. கண்ணோ மூளையோ பாதிக்கப்பட்டிருந்தால் 20, காலை 10 மாலை 10 என்று பிரித்து.

இங்கே கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். 2.8 கிலோவுக்கு 42 மி.கி. மருந்து வேலை செய்தால் பூனை சாப்பிடும், எடை ஏறும். வளரும் வயது வேறு. 3.5 கிலோ ஆனதும் தேவை 52.5 மி.கி. முதல் நாள் எழுதிய 42ஐயே கடைசிவரை கொடுத்தால் கிலோவுக்கு 12 ஆகிவிடும். நோய் திரும்பிய பல கேஸ்களின் அட்டையில் எடை ஒரே ஒருமுறைதான் எழுதியிருக்கும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், அளவை மாற்றி எழுதுங்கள். எடை குறைந்தால் மட்டும் அளவைக் குறைக்க வேண்டாம்.

இன்னொரு குழி: ஊசியின் 4ஐயும் மாத்திரையின் 15ஐயும் கலக்காதீர்கள். முறையான மருந்தகம் வழியாக வராத மாத்திரைகளில் பெட்டியில் போட்டிருக்கும் மி.கி. உள்ளே இருக்கும் அளவாக இல்லாமல் ‘ஊசிக்குச் சமமான’ அளவாக இருப்பதுண்டு. உண்மை அளவு தெரியாத மாத்திரையில் கணக்குப் போடவே முடியாது.

சரியான நோய், சரியான அளவு என்றால் காய்ச்சல் பெரும்பாலும் 1–3 நாளில் விழும், நீர் ஒன்றிரண்டு வாரத்தில் வற்றும். ஐந்து நாளாகியும் அசையவில்லை என்றால் முதலில் நோயறிதலைச் சந்தேகியுங்கள், அடுத்து மாத்திரையை, மூன்றாவதாகத்தான் அளவை.

தீவனத்தொட்டி:
வயிற்று நீரை முழுசா எடுத்துட்டா மருந்து சீக்கிரம் வேலை செய்யும்னு ஒரு பேச்சு இருக்கே?

பூனைக்கண்:
இல்லை. மூச்சு முட்டினால் மட்டும், அதுவும் தேவையான அளவு. நெஞ்சில் நீர் என்றால் எடுத்தே ஆக வேண்டும். வயிற்றில் என்றால் பரிசோதனைக்கு எடுத்ததோடு விடுங்கள். புரதம் நிறைந்த நீர், எடுக்க எடுக்க ஊறும், பூனை இன்னும் வற்றும். ப்ரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வேறு காரணம் இல்லாத பட்சத்தில் குறைத்து நிறுத்துங்கள். அது காய்ச்சலை மறைத்து, மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதைத் தெரியவிடாது.

ரத்தப் பரிசோதனை இரண்டாம் வாரம், பிறகு மாதம் ஒன்று. சிகிச்சையின் நடுவே லிம்ஃபோசைட், ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் ஏறுவதையும் கல்லீரல் நொதியான ஏஎல்டி லேசாக ஏறுவதையும் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். முடிந்த பிறகு 12 வாரம் கண்காணிப்பு.

நுண்நோக்கி:
42 நாள் போதும் என்று ஆய்வு வந்துவிட்டதே, இன்னும் 84ஐப் பிடித்துத் தொங்க வேண்டுமா?

பூனைக்கண்:
2024இல் வந்த அந்த ஆய்வு நீர் தேங்கிய வகைப் பூனைகளில் மட்டும், நம்பகமான மாத்திரையோடு, நெருங்கிய கண்காணிப்பில் நடந்தது. அந்த நிபந்தனைகள் எல்லாம் இருந்தால் 42 சரி. கண், மூளை, உலர் (நீர் தேங்காத) வகை என்றால் 84தான். ரத்தம் இன்னும் சீராகாத நிலையில் நாட்காட்டியைக் காட்டி நிறுத்துவதை நான் ஒப்பமாட்டேன்.

மற்ற பூனைகளுக்குப் பரவுமா என்பதற்கு: மாறிய வைரஸ் பொதுவாக மலத்தில் வெளிவராது, ஆகவே எஃப்ஐபி அப்படியே அடுத்த பூனைக்குத் தாவாது. தாவுவது குடல் வைரஸ்தான், அது அந்த நான்கிடமும் ஏற்கெனவே இருக்கும். விதிவிலக்கு சைப்ரஸ். 2023இல் அங்கே எஃப்ஐபி தீவு முழுக்கப் பரவியது. காரணம் எஃப்கோவ்-23: பூனை வைரஸ், நாயின் தீவிர வகைக் கொரோனாவின் ஸ்பைக்கை வாங்கிக்கொண்டு உருவான கலப்பு. அது பூனையிலிருந்து பூனைக்கு நேராகப் போனது, நரம்பு அறிகுறிகளும் அதிகம். அங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோன ஒரு பூனையிலும் கண்டார்கள். மனிதருக்காகச் சேமித்த கோவிட் மருந்தான மோல்னுபிராவிரைப் பூனைகளுக்குத் திருப்பிவிட அந்த அரசு அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அனுமதித்தது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து எஃப்ஐபி விழுந்தால், அதுவும் வயது வந்த பூனைகளில், மரபணு வரிசை பார்க்க அனுப்புங்கள்.

கேள்விக்குறி:
நாய்க்குத் தடுப்பூசி அட்டையில் ‘கொரோனா’ என்று ஒட்டியிருக்கிறது. அது கோவிட்டுக்கும் பாதுகாப்பா?

நுண்நோக்கி:
இல்லை. அது நாயின் குடல் கொரோனாவுக்கு, அதுவும் ஆல்ஃபா. ஆறு வாரத்துக்குட்பட்ட குட்டிகளுக்கு லேசான பேதி தரும் வைரஸ். உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் தடுப்பூசி வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைப்பதே இல்லை. நாய்களுக்கு மூச்சுப்பாதைக் கொரோனா ஒன்றும் உண்டு, பீட்டா, மாட்டுக் கொரோனாவுக்கு நெருக்கம். குடல் தடுப்பூசி அதையும் தடுக்காது.

கோவிட் விஷயத்தில் 2020லேயே சோதனைக்கூடத்தில் வரிசை தெளிவாகிவிட்டது: பூனையிலும் ஃபெரட்டிலும் (கீரி போன்ற வளர்ப்புப் பிராணி) நன்றாகப் பெருகும், நாயில் மந்தம், பன்றி, கோழி, வாத்தில் பெருகவில்லை. வெள்ளெலிக்கு (ஹாம்ஸ்டர்) மிக எளிதில் தொற்றும். ஹாங்காங்கில் 2022 ஜனவரியில் விற்பனைக்கு வந்த வெள்ளெலிகளிலிருந்து மனிதர்களுக்கு டெல்டா வகை போனது, சுமார் 2000 சிறுவிலங்குகளை அழித்தார்கள்.

வீட்டில் யாருக்காவது கோவிட் என்றால் பிராணியை வேறு ஒருவர் கவனிக்கட்டும்; முடியாவிட்டால் முகக்கவசம், கைகழுவல், ஒரே படுக்கை வேண்டாம். பிராணிக்கு முகக்கவசம் மாட்டுவது, சானிடைசரில் துடைப்பது இரண்டும் கெடுதல்தான். பூனை நக்கியே குடித்துவிடும்.

மருத்துவமனைப் பக்கம் ஒரு குறிப்பு. தாய்லாந்தில் 2021 ஆகஸ்ட்டில் தொற்றிய வீட்டுப் பூனைக்கு ஸ்வாப் எடுக்கும்போது அது மருத்துவரின் முகத்தில் தும்மியது. சில நாளில் அவருக்குத் தொற்று. முகக்கவசமும் கையுறையும் இருந்தன, கண்ணுக்கு மறைப்பு இல்லை. பூனை ஸ்வாப் என்றால் கண்ணாடி கட்டாயம்.

கொக்கரக்கோ:
பூனையிலேயே நிக்கிறீங்களே. கொரோனா குடும்பத்துல முதல்ல பதிவானதே கோழிதான், 1931, அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, குஞ்சுகளோட மூச்சு நோய். ஐபின்னு சுருக்கமா சொல்ற தொற்று மூச்சுக்குழல் அழற்சி. இது காமா பிரிவு, மனுஷனுக்கு வராது.

அடைகாலம் 18–48 மணி நேரம். ஒரு மூலையில தும்மல் கேட்டா ரெண்டு நாள்ல கொட்டகை முழுக்கக் கேக்கும். முட்டைக்கோழில முட்டை விழும், ஓடு சுருங்கிக் கரடுமுரடாகும், தட்டுல உடைச்சு ஊத்தினா வெள்ளைக்கரு தண்ணியா ஓடி மஞ்சள்கரு தனியா நிக்கும். எண்ணிக்கை சில வாரத்துல ஓரளவு திரும்பினாலும் வெள்ளைக்கருவோட தரம் பின்தங்கும். சில வகை சிறுநீரகத்தை அடிக்கும்: மூச்சு சத்தம் அடங்கின பிறகு சாவு ஏறும், அறுத்துப் பாத்தா சிறுநீரகம் வீங்கி வெளுத்து, யூரேட் (யூரிக் அமில உப்பு) வரி வரியா தெரியும். நிறைய பேர் அதைத் தீவன உப்பு, தண்ணி பிரச்சினைன்னு நினைச்சு வாரக்கணக்கை வீணாக்குறாங்க.

முதல் ரெண்டு வாரத்துல குஞ்சுக்கு வந்தா முட்டைக்குழாய் நிரந்தரமா கெடும். அப்போ ஒண்ணும் தெரியாது. இருபது வாரத்துக்கு மேல கொண்டை சிவந்து, இடுப்பு விரிஞ்சு, முட்டையிடுற கோழியாவே தெரியும், கூட்டுல உக்காரவும் செய்யும், முட்டை மட்டும் வராது. கொட்டகையோட உச்ச உற்பத்தி எதிர்பார்த்த இடத்துக்கு ஏறாம நின்னா தீவனத்தைத் திட்டறதுக்கு முன்னாடி சில கோழியை அறுத்து முட்டைக்குழாயில நீர்க்கட்டி இருக்கான்னு பாருங்க.

தீவனத்தொட்டி:
தடுப்பூசி போட்டும் ஐபி வருதுன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்?

கொக்கரக்கோ:
பாதி நேரம் ‘போட்டாங்களா’ங்கறதுலதான் பதில் இருக்கு. உயிர்த் தடுப்பூசி, மூச்சுக்குழாயில உக்காந்து பெருகணும். குடிதண்ணில கொடுக்கறப்போ குளோரின் கொன்னுடும். முந்தின நாளே குளோரினை நிறுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கின பால்பொடி கலக்கி, அது கொஞ்ச நேரம் வேலை செஞ்ச பிறகு தடுப்பூசியைக் கரைக்கணும். தண்ணியை முன்னாடி ஒண்ணு ரெண்டு மணி நேரம் நிறுத்தி வச்சா தடுப்பூசித் தண்ணி ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீரும். வெயில் உச்சில செய்யாதீங்க.

ஆனா சீரா கிடைக்கறது ஸ்ப்ரேலதான். ஒரு நாள் குஞ்சுக்குப் பெரிய துளி. ரொம்ப நுண்ணிய துளி போட்டா நுரையீரல் ஆழத்துக்குப் போயி எதிர்வினை கடுமையாகும்.

டோஸை மிச்சம் பிடிக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும். பாதிக் குஞ்சுக்குத்தான் தடுப்பூசி சேர்ந்துதுன்னா, மீதிக்கு அது பக்கத்துக் குஞ்சுலேருந்து பரவிப் போகும். ஒவ்வொரு சுற்றுலயும் வைரஸ் கொஞ்சம் முரடாகும். ரெண்டு மூணு வாரமா தும்மல் அடங்காம உருண்டுகிட்டே இருக்கும், அதுக்கு மேல ஈ. கோலி பாக்டீரியா ஏறி காற்றுப்பை கெடும். ‘தடுப்பூசியால நோய் வந்துச்சு’ன்னு சொல்றது பல இடத்துல இதுதான், குறைச்சுப் போட்டதோட விளைவு.

வகை விஷயம்: மாசசூசெட்ஸ் வகை (எச்120 மாதிரி) மட்டும் போட்டா எல்லாத்துக்கும் காப்பு வராது. அதோட 793பி வகையைச் சேர்த்தா, ரெண்டுலயும் இல்லாத பல வகைக்கும் குறுக்குக் காப்பு விரியுது. எது சுத்துதுன்னு தெரியாம புதுப்புது வகைத் தடுப்பூசியைக் கொட்டகைக்குள்ள விடாதீங்க, அதுவே அங்க தங்கி கலப்புக்கு வழி பண்ணும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியோட சேர்க்கணும்னா ஒரே நிறுவனம் சேர்த்தே தயாரிச்ச புட்டியைப் போடுங்க. தனித்தனியா வாங்கிக் கலந்தா ஐபி வைரஸ் மத்ததை அமுக்கிடும்.

நுண்நோக்கி:
ஆய்வகப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள்: கோழி ஐபிக்கு மாதிரி அனுப்பும்போது கடைசித் தடுப்பூசி எது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். தடுப்பூசி வைரஸே வாரக்கணக்கில் பிசிஆரில் பாசிட்டிவ் தரும். வகையைக் காட்டும் எஸ்1 (ஸ்பைக்கின் ஒரு பகுதி) மரபணு வரிசை பார்க்காமல் வெறும் ‘ஐபி பாசிட்டிவ்’ என்ற அறிக்கைக்குப் பொருள் இல்லை. முதல் வாரம் என்றால் மூச்சுக்குழாய் ஸ்வாப், நாள் கடந்துவிட்டால் சிறுநீரகம், சீக்கல் டான்சில் (குருட்டுக்குடல் தொடங்கும் இடத்து நிணத்திசு). வெள்ளைக்கழிச்சல், பறவைக்காய்ச்சல் இரண்டையும் கூடவே விலக்கச் சொல்லுங்கள்.

தீவனத்தொட்டி:
மாட்டுக் கொரோனா சுருக்கமா. பீட்டா வகை. மூணு முகம்: 1–3 வாரக் கன்றுக்குக் கழிச்சல், பெரிய மாட்டுக்குக் குளிர்காலத்துல ரத்தங்கலந்த பேதி (பால் சட்டுனு விழும், சாவு அபூர்வம்), அப்புறம் கூட்டமா அடைச்ச மாட்டுல மூச்சு நோய். கன்றுல ரோட்டா வைரஸைவிட இது மோசம்; ரோட்டா சிறுகுடலோட நிக்கும், இது பெருங்குடலையும் அரிக்கும்.

கன்று சாகறது வைரஸால இல்ல, தண்ணியும் உப்பும் போறதால. 40 கிலோ கன்று 10% வத்திப்போச்சுன்னா 4 லிட்டர் குறை. கண் குழிஞ்சு, தோலைக் கிள்ளி விட்டா மெதுவா இறங்குது, ஆனா இன்னும் உறிஞ்சுதுன்னா வாய்வழியா எலக்ட்ரோலைட் 2 லிட்டர், பால் வேளைக்கு நடுவுல. பாலை நிறுத்தாதீங்க. நிறுத்தினா குடல் ஆறாது, கன்று பட்டினிலயே போகும். எழுந்திரிக்கல, உறிஞ்சல, வாய் சில்லுன்னு இருக்குன்னா வாய்வழி போதாது, நரம்புல பைகார்பனேட்டோட திரவம்.

சீம்பால்: பிறந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள 3–4 லிட்டர், பிரிக்ஸ் (சீம்பாலோட தரம் காட்டுற அளவு) 22க்கு மேல. இன்னொண்ணு பலர் விடறது: கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்துல மட்டும் இருந்தா போதாது, குடலுக்குள்ள இருக்கணும். அதனால தாய்க்கு ஈனறதுக்கு முன்னாடி தடுப்பூசி போட்டு, மிச்ச சீம்பாலை முதல் ரெண்டு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா பாலோட கலந்து குடுக்கறதுதான் வேலை செய்யுது.

பன்றியில பிஇடி (கழிச்சல் தர்ற கொரோனா) வைரஸ்னா ஒரு வாரத்துக்குட்பட்ட குட்டி ஏறக்குறைய எல்லாமே போகலாம். 2013ல அமெரிக்காவுல நுழைஞ்சப்போ இலட்சக்கணக்குல செத்துச்சு. டிஜிஇ, பிஇடி, டெல்டா கொரோனா (கோவிட்டோட டெல்டா வகை இல்ல, தனிப் பிரிவு) மூணும் பன்றிக்குக் கழிச்சல் தர்றது, கண்ணுக்கு ஒண்ணு போலத்தான்; மலம் அல்லது சிறுகுடல் பிசிஆர் பாக்காம பேர் வைக்காதீங்க. கொண்டு வர்றது பெரும்பாலும் வண்டி. கழுவினா மட்டும் போதாது, காயணும்: மலத்துல இருக்கற பிஇடியைச் சாகடிக்க 71 டிகிரி செல்சியஸ்ல 10 நிமிஷம், இல்லேன்னா 20 டிகிரில ஏழு நாள் காலியா நிறுத்தணும்.

காட்டுத்தடம்:
காட்டு விலங்குப் பக்கம் திசை அடிக்கடி தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சார்ஸ்-கோவ்-2 விஷயத்தில் விலங்கு மனிதருக்குக் கொடுத்ததைவிட மனிதர் விலங்குக்குக் கொடுத்ததே பெருவாரி. 2020 ஏப்ரலில் நியூயார்க் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் மலேயப் புலி. 2021 ஜனவரியில் சான் டியாகோவில் கொரில்லாக்கள். 2021 ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஒன்பது சிங்கங்களுக்குப் பாசிட்டிவ், இறப்பும் நேர்ந்தது. போபால் ஆய்வகம் வரிசைப்படுத்திய நான்கும் டெல்டா.

பெரும்பூனைகளில் முதல் அறிகுறி வறட்டு இருமலும் இரை ஒதுக்குவதும். மயக்க ஊசி போட்டு ஸ்வாப் எடுக்க அவசரப்படாதீர்கள். மூச்சுப்பாதை கெட்ட சிங்கத்துக்கு மயக்கமே ஆபத்து. கூண்டில் விழுந்த புது மலத்தில் ஆர்என்ஏ கிடைக்கும். எந்த மலம் எந்த விலங்குடையது என்பதற்கு ஒவ்வொன்றையும் இரவுக் கூண்டில் பிரித்து அடைத்தால் போதும். காப்பாளர் முகக்கவசத்தை இரை வெட்டும் மேடையிலேயே போட வேண்டும், கூண்டு வாசலில் அல்ல.

மிங்க் (ரோமத்துக்காக வளர்க்கும் சிறுவிலங்கு) கதை எல்லாரும் அறிந்தது: 2020 ஏப்ரலில் நெதர்லாந்துப் பண்ணைகள், நவம்பரில் டென்மார்க் தன் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மிங்குகளையும் அழித்தது. அங்கே மனிதர்–மிங்க்–மனிதர் என்று வட்டம் முடிந்தது. எனக்கு அதைவிடக் கவலை வெண்வால் மான். அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 2021இல் எடுத்த ரத்தத்தில் 40 சதவீதத்தில் ஆன்டிபாடி. அயோவாவில் 283 மான்களின் தொண்டைப் பின்புற நிணநீர்க் கணுவில் 94இல் ஆர்என்ஏ. மூக்கு ஸ்வாப் சில நாளில் வெறுமையாகிவிடும், கணுவில் நீண்டநாள் தங்கும். அதனால் செத்த மானில் தேடுகிறவர்கள் கணுவை எடுங்கள். ஆனால் கணுவில் ஆர்என்ஏ இருப்பதை வைத்து அந்த மான் வைரஸை வெளியிட்டுக்கொண்டிருந்தது என்று எழுதாதீர்கள்.

கேள்விக்குறி:
மூலம் வௌவால்தானே? குகைகளை மூடி அழித்துவிட்டால்?

காட்டுத்தடம்:
அது நிலைமையை மோசமாக்கும். 2003 சார்ஸின் நெருங்கிய உறவுகள் குதிரைலாட வௌவால்களில் இருக்கின்றன, உண்மை. மனிதரை எட்டியது புனுகுப்பூனை, ரக்கூன் நாய் விற்ற சந்தை வழியாக. மெர்ஸுக்கு (மனிதருக்கு வரும் இன்னொரு கொரோனா நோய்) ஒற்றைத்திமில் ஒட்டகம். இடைப்பட்ட அந்தக் கண்ணியில்தான் கை வைக்க முடியும். உகாண்டாவில் கிடாகா சுரங்கத்து வௌவால்களை மார்பர்க் வைரஸுக்காக (கொரோனா அல்ல, வௌவாலிலிருந்து வரும் வேறொன்று) அழித்தார்கள்; பிறகு அங்கே குடியேறிய கூட்டத்தில் தொற்று விகிதம் முன்பைவிட அதிகமாக இருந்தது. பழைய, எதிர்ப்புள்ள கூட்டத்தைக் கொன்றால் அந்த இடத்தை நிரப்புவது எதிர்ப்பில்லாத இளம் கூட்டம். வௌவால் தங்கும் இடத்துக்குக் கீழே தீவனமும் தண்ணீரும் வைக்காமல் இருப்பது அதைவிடப் பலன் தரும்.

நுண்நோக்கி:
எல்லா விலங்குக்கும் பொதுவான மாதிரிப் பிழைகள். பாலியஸ்டர் முனை, பிளாஸ்டிக் தண்டு ஸ்வாப் மட்டும். மரத்தண்டும் கால்சியம் ஆல்ஜினேட்டும் பிசிஆரைத் தடுக்கும். வைரஸ் ஊடகத்தில் போட்டு 4 டிகிரியில் 72 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் மைனஸ் 70. வீட்டு உறைபெட்டி வேண்டாம். பனி உருக்கும் சுழற்சியில் ஏறி இறங்கி ஆர்என்ஏ சிதையும். உலர்பனியை இறுக மூடிய டப்பாவில் அடைத்தால் வெடிக்கும். திசுவுக்கு ஃபார்மலின் என்றால் துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது, திரவம் பத்து மடங்கு. பிசிஆர் துண்டை வெட்டும் கத்தி ஃபார்மலின் பக்கமே போகக்கூடாது.

கேள்விக்குறி:
வயிற்று நீர் முடிவு வந்தது: புரதம் 5.8, செல்கள் 2400, பாக்டீரியா இல்லை, விகிதம் 0.35, பிசிஆர் பாசிட்டிவ். மருந்து இன்று தொடங்குகிறது. மற்ற நான்கு பூனைகளையும் சோதிக்க வேண்டுமா? மணல்தட்டுகளைப் பிளீச்சில் ஊற வைக்கலாமா?

பூனைக்கண்:
சோதிக்க வேண்டாம். நான்கும் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வரும், அதை வைத்து நீங்கள் செய்ய எதுவும் இருக்காது. நலமாக இருக்கும் பூனைக்கு முன்னெச்சரிக்கையாக ஜிஎஸ் கொடுக்கவும் வேண்டாம். நான்கையும் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், அது போதும்.

ஐந்து பூனைக்கு ஆறு தட்டு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி. மலத்தைத் தினம் இருமுறை அள்ளுங்கள். உலர்ந்த மலத் துகளில் இந்த வைரஸ் ஏழு வாரம்வரை தாங்கும். பிளீச் சரி, வரிசை முக்கியம்: முதலில் மணலைக் கொட்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிறகுதான் பிளீச். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு தீர்ந்துவிடும். சிறுநீர் ஊறிய தட்டில் நேராக ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து மூச்சடைக்கும் வாயு கிளம்பும். 5% பிளீச் என்றால் 20 மி.லி.யைத் தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்கினால் 0.1%. பத்து நிமிடம் வைத்து, நன்றாக அலசி, காயவிடுங்கள். ஃபீனால் கலந்த, தண்ணீரில் வெள்ளையாகும் தரைக் கழுவிகளைப் பூனை வீட்டில் தொடாதீர்கள், கல்லீரல் தாங்காது.

சிகிச்சையும் கண்காணிப்பும் முடியும்வரை அந்த வீட்டுக்குப் புதுக் குட்டி எதுவும் வர வேண்டாம்.